இறால் பண்ணையில் தொடங்கிய சட்டமும் ஒரு சட்ட ஆசிரியரும்

(மட்டக்களப்பில் இரண்டு நாள் நடந்த சங்கக் கல்வி வகுப்பில், தோட்டக் கமிட்டி உறுப்பினர்களும் குடும்பத்தாரும் கூடியிருந்தபோது நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று செங்கலடி வரைக்கும் பஸ்ஸில் குலுங்கி வந்த களைப்பு இன்னும் உங்கள் முகத்தில் தெரிகிறது. இந்த நேரத்தில் சட்டம் என்று பேச்செடுத்தால் கண் சொக்கத்தான் செய்யும். கடைசிப் பாடவேளையில் கணக்குப் படிப்பித்துப் பழகிய எனக்கு அது புதிதல்ல. தூங்குகிறவர்களை எழுப்ப மாட்டேன், பயப்பட வேண்டாம்.

சம்பளப் பிரச்சினை தலைக்கு மேல் இருக்கும்போது, எண்ணெய்க் கம்பனி வழக்குகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒரு பேராசிரியரைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று நேற்றிரவு ஒரு தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு நான் சொன்ன பதில் இது: அந்தப் பேராசிரியர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த சட்டத்தின் மிக முக்கியமான வழக்குகளில் ஒன்று இந்த வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், ஒரு இறால் பண்ணையில் தொடங்கியது. அந்தப் பண்ணையிலும் நம்மைப் போல நாட்கூலிக்கு வேலை செய்தவர்கள் இருந்தார்கள். வழக்கில் வென்றது கம்பனி. தொழிலாளர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முத்துக்குமாரசாமி சொர்ணராஜா. இலங்கைத் தமிழர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் மேற்படிப்பு. இங்கே விரிவுரையாளராக இருந்தார், அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் படிப்பித்தார், பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் பேராசிரியராக இருந்தார். வகுப்பறையோடு நின்றவரும் அல்ல. அரசாங்கங்களுக்கும் அந்நியக் கம்பனிகளுக்கும் இடையிலான வழக்குகளில் சட்டத்தரணியாகவும் நடுவராகவும் போனவர். நான் அவரை நேரில் கண்டதில்லை. அவருடைய புத்தகத்தின் வழியாகத்தான் தெரியும். 1994இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அந்நிய முதலீட்டுச் சட்டம் பற்றிய அந்தப் புத்தகம் இதுவரை ஐந்து பதிப்புக் கண்டிருக்கிறது. ஆங்கிலம் கனமானது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பாடசாலை விடுமுறை முழுக்க இருந்து வாசித்தேன்.

எரிசக்திச் சட்டம் என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். எண்ணெய்க் கிணறு, நிலக்கரிச் சுரங்கம், மின்சார நிலையம், காற்றாலை இவற்றை யார் தோண்டலாம், யார் நடத்தலாம், இலாபம் யாருக்கு, அரசாங்கம் திருப்பி எடுத்தால் எவ்வளவு நட்டஈடு என்பதெல்லாம் அதற்குள் வரும். இதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டும். பணம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும். அதனால் எரிசக்திச் சட்டமும் அந்நிய முதலீட்டுச் சட்டமும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற இரண்டு குடும்பம் மாதிரி. சுவர் ஒன்றுதான்.

சொர்ணராஜாவின் தலைமுறை வளர்ந்த காலத்தில் இலங்கையே இந்தச் சண்டையின் நடுவில் நின்றது. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் வந்தது. மறு வருடம், ரி. பி. இலங்கரத்ன அமைச்சராக இருந்தபோது, ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய மூன்று கம்பனிகளின் எண்ணெய் நிலையங்களையும் தாங்கிகளையும் அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. நட்டஈடு எவ்வளவு என்பதில் இழுபறி. அமெரிக்கக் கம்பனிகள் தங்கள் அரசாங்கத்திடம் போய் நின்றன. சொத்தை எடுத்துவிட்டு உரிய நட்டஈடு கொடுக்காத நாட்டுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்காவில் அப்போதுதான் ஒரு சட்டத் திருத்தம் வந்திருந்தது. அதைக் கொண்டுவந்த செனட்டரின் பெயரால் ஹிக்கன்லூப்பர் திருத்தம் என்பார்கள். அந்தத் திருத்தத்தின்படி முதன்முதலில் உதவி நிறுத்தப்பட்ட நாடு இலங்கை. 1963 பெப்ரவரியில் நிறுத்தினார்கள். 1965இல் ஆட்சி மாறி டட்லி சேனாநாயக்க வந்த பிறகுதான் கணக்குத் தீர்ந்தது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த நம் அப்பாமாருக்கு, அந்த எண்ணெய்க்குப் பின்னால் இவ்வளவு பெரிய வழக்கு ஓடியது தெரிந்திருக்காது.

இன்னொரு கதை 1951இல் நடந்தது. சொர்ணராஜா தன் எழுத்தில் இதை விடாமல் கிளறுவார், எனக்கும் மிகவும் பிடித்த இடம் அது. அபுதாபி ஷேக்கோடு ஒரு பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பனி 1939இல் ஒப்பந்தம் செய்திருந்தது. நிலத்துக்கு அடியில் இருக்கிற எண்ணெய் கம்பனிக்கு என்பதில் தகராறில்லை. கடலுக்கு அடியில் இருப்பதும் கம்பனிக்கா என்பதுதான் கேள்வி. நடுவராக இருந்தவர் அஸ்குவித் பிரபு என்ற ஆங்கில நீதிபதி. ஒப்பந்தம் அபுதாபியில் எழுதப்பட்டது, எண்ணெய் இருப்பதும் அபுதாபியில். அப்படியானால் அபுதாபிச் சட்டப்படிதானே பார்க்க வேண்டும்? அவர் என்ன சொன்னார் தெரியுமா? இந்த நவீன விஷயத்துக்குப் பொருந்தக்கூடிய சட்டம் என்று அந்தப் பிரதேசத்தில் எதுவும் நிலைபெற்றிருக்கவில்லை, ஆகவே நாகரிக நாடுகளுக்குப் பொதுவான நியாயத்தின்படி தீர்க்க வேண்டும் என்றார். அந்தப் பொது நியாயம் எங்கே இருந்தது என்று தேடிப் போனால் கடைசியில் இங்கிலாந்தில் போய் முடிகிறது. கேட்ட முடிவு முழுதாகக் கம்பனிக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் உன் ஊரில் சட்டம் இல்லை, நான் கொண்டுவருகிறேன் என்ற அந்தத் தர்க்கம் நிலைத்துவிட்டது. அடுத்தடுத்த எண்ணெய் வழக்குகளில் அதையே வெவ்வேறு வார்த்தையில் சொன்னார்கள்.

துரை பங்களாவிலிருந்து வருவதுதான் சட்டம், லயத்தில் இருப்பது வெறும் பழக்கம் என்று நம்மிடம் நூறு வருடத்துக்கு மேல் சொன்னார்களே, அதுவும் இதுவும் ஒரே செடியில் எடுத்த கொழுந்து.

சொர்ணராஜாவின் வாதத்தை நான் விளங்கிக்கொண்ட வரையில் சொல்கிறேன். உலகச் சட்டம் என்று இவர்கள் காட்டுவது உலக நாடுகள் எல்லாம் கூடி இருந்து எழுதியது அல்ல. சில நடுவர்களின் தீர்ப்பு, அந்தத் தீர்ப்பைப் புகழ்ந்து சில பேராசிரியர்கள் எழுதிய கட்டுரை, அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி அடுத்த தீர்ப்பு என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. அஸ்திவாரம் போடாமல் சுவர் எழுப்பிய கட்டடம். தேசியமயமாக்கப்பட்ட சொத்துகளைக் கம்பனிகள் எப்படித் துரத்திப் பிடித்தன என்று 1986இலேயே ஒரு புத்தகம் எழுதினார். அப்போது அவர் சொன்னதை அந்தத் துறையின் பெரிய ஆட்கள் அவ்வளவாக இரசிக்கவில்லை. கம்பனிக்காக வாதாடினால் கை நிறையப் பணம் கிடைக்கிற துறையில், ஆசிய ஆபிரிக்க நாடுகளின் பக்கத்திலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டே அரை நூற்றாண்டு படிப்பிப்பது சின்னக் காரியமல்ல.

இனி வாவிக்கு வருவோம்.

நேற்று மண்முனைப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனீர்கள். 2014 வரைக்கும் அங்கே பாலம் கிடையாது, பாதையில் ஏறித்தான் போக வேண்டும். கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் மகிழடித்தீவு. அந்தப் பகுதியில் 1980களில் செரெண்டிப் சீபூட்ஸ் என்ற கம்பனி இறால் பண்ணை நடத்தியது. அதில் 48.2 சதவீதப் பங்கு ஹொங்கொங்கில் பதிவான ஒரு கம்பனிக்கு இருந்தது, பெயர் ஏசியன் அக்ரிகல்சரல் புரொடக்ட்ஸ். ஜப்பானுக்கு இறால் ஏற்றுமதி அப்போதுதான் தொடங்கியிருந்தது. அக்கம்பக்கத்து ஊர்ப் பொடியன்மார்தான் வேலைக்கு.

1987 ஜனவரி 28ஆம் திகதி பாதுகாப்புப் படையினர் அந்தப் பகுதியைச் சுற்றி வளைத்து நடவடிக்கை எடுத்தார்கள். பண்ணை அழிந்தது. பண்ணைத் தொழிலாளர் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்மக்களையும் சேர்த்தால் தொகை இன்னும் பெரிது. எத்தனை என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன, அதனால் நான் ஒரு எண்ணைச் சொல்லப் போவதில்லை. 1991 ஜூனில் இதே மகிழடித்தீவில் நடந்த கொலைகள் வேறு, இது வேறு. வெளியூரில் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு ஜனவரி 28ஆம் திகதியும் அங்கே விளக்கேற்றுகிறார்கள்.

ஹொங்கொங் கம்பனி என்ன செய்தது? 1980இல் இலங்கையும் பிரித்தானியாவும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருந்தன. ஹொங்கொங் அப்போது பிரித்தானியாவின் கையில் இருந்ததால் ஒப்பந்தம் அங்கேயும் செல்லும். அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, 1987 ஜூலையில், அதாவது சம்பவம் நடந்து ஆறு மாதம் முடியுமுன், வாஷிங்டனில் உலக வங்கியோடு சேர்ந்த நடுவர் நிலையத்தில் இலங்கை அரசுக்கு எதிராக வழக்குப் போட்டது. இக்சிட் என்று அந்த நிலையத்தைச் சொல்வார்கள். கேட்ட தொகை எண்பது இலட்சம் டொலருக்குச் சற்றுக் கூட.

இந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். அதுவரை இப்படியான வழக்குகளில், தகராறு வந்தால் நடுவரிடம் போவோம் என்று கம்பனியும் அரசும் நேருக்கு நேர் எழுதிய உடன்படிக்கை இருக்கும். இங்கே அந்தக் கம்பனிக்கும் இலங்கை அரசுக்கும் இடையில் அப்படி எந்தக் காகிதமும் இல்லை. இரண்டு நாடுகள் தமக்குள் செய்த ஒப்பந்தத்தை மட்டும் வைத்து ஒரு தனியார் கம்பனி ஒரு அரசை இழுத்துத் தீர்ப்புப் பெற்ற முதல் வழக்கு இதுதான். உலகத்தில் எங்கே அந்நிய முதலீட்டுச் சட்டம் படிப்பித்தாலும் இந்த மட்டக்களப்பு வழக்கைப் படிப்பிக்கிறார்கள். சொர்ணராஜாவின் புத்தகத்திலும் இருக்கிறது. அந்தத் தீர்ப்பைப் படிக்கிற வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு மகிழடித்தீவு என்ற ஊர்ப் பெயர் தெரியும்?

நடுவர்கள் மூன்று பேர். எகிப்துக்காரர் தலைவர், பிரெஞ்சுக்காரர் ஒருவர், கானா நாட்டைச் சேர்ந்த சாமுவேல் அசாந்தே ஒருவர். பண்ணையைப் படையினர் அழித்தார்கள் என்றது கம்பனி. புலிகள் அங்கே தளம் வைத்திருந்தார்கள், சண்டையில் அழிந்தது என்றது அரசு. யார் அழித்தது என்று நிரூபிக்கப்படவில்லை, ஆனால் உயிரிழப்பையும் சொத்தழிவையும் தடுப்பதற்கு அரசு எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்கவில்லை என்று இருவர் சொன்னார்கள். அசாந்தே உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார். 1990 ஜூன் 27ஆம் திகதி தீர்ப்பு வந்தது: 4,60,000 டொலரும் வட்டியும் கம்பனிக்கு. அதே ஜூன் மாதம்தான் மட்டக்களப்பில் மறுபடி போர் வெடித்தது. வாஷிங்டன் தீர்ப்பைப் பற்றிக் கேட்கிற நிலையில் இங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தீர்ப்பில் எனக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கிய ஓர் இடம் இருக்கிறது. அரசு வேறு என்ன செய்திருக்கலாம் என்று நடுவர்கள் யோசிக்கிறார்கள். பண்ணை நிர்வாகம் ஒத்துழைக்கத் தயாராக இருந்தது. சந்தேகத்துக்குரிய ஆட்கள் யார் யார் என்று நிர்வாகத்திடம் சொல்லி, அவர்களை அமைதியான முறையில் வேலையிலிருந்து விலக்கியிருக்கலாமே என்கிறார்கள். தொழிலாளி அந்தத் தீர்ப்புக்குள் வருவது இப்படித்தான்: பெயர்ப் பட்டியலிலிருந்து வெட்டியிருக்கக்கூடிய ஒரு ஆளாக. நாம் செக்ரோலில் பேர் வெட்டுகிறது என்போமே, அது.

நடுவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் முன்னால் வந்து நின்றது பங்குக்காரர். பங்குக்காரருக்கு எவ்வளவு நட்டம் என்பதுதான் கேள்வி. அந்த ஒப்பந்தத்தின்படி ஒரு தாயோ மனைவியோ அந்த வாசலுக்குப் போகவே முடியாது. நான்கு இலட்சத்து அறுபதாயிரம் டொலரில் ஒரு சதம்கூடத் தொழிலாளர் குடும்பத்துக்கென்று தீர்ப்பில் இல்லை.

அப்படியானால் அந்தத் தாய் எங்கே போகலாம்? நம்முடைய 1978 அரசியலமைப்பை எடுத்துப் பாருங்கள். 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறப்பட்டால் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். எத்தனை நாளுக்குள்? ஒரு மாதம். 1987 பெப்ரவரியில், படுவான்கரையிலிருந்து ஒரு விதவைப் பெண், சோதனைச் சாவடி எல்லாம் தாண்டிக் கொழும்புக்குப் போய், சட்டத்தரணி பிடித்து, ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். அதே அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரையையும் பாருங்கள். வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் ஒப்பந்தம் ஒன்றைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டால் அது நாட்டின் சட்டமாகிவிடும். தேசியப் பாதுகாப்பு என்ற காரணம் தவிர, அதற்கு மாறாகச் சட்டம் இயற்றவும் கூடாது, நிர்வாக நடவடிக்கை எடுக்கவும் கூடாது. முதலீட்டுக்கு அப்படி ஒரு வேலி. தொழிலாளர் உரிமைக்கு அதே மாதிரி ஒரு உறுப்புரை இருக்கிறதா என்று ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தேடினேன். கிடைக்கவில்லை.

இறால் பண்ணை திறந்துவிட்ட வாசலால் பிறகு யார் யார் போனார்கள்? இந்த மாதிரி வழக்குகள் உலகத்தில் இப்போது 1,300க்கு மேல். வாஷிங்டன் நிலையத்துக்கு வருகிற வழக்குகளில் ஏறக்குறையப் பத்தில் நான்கு எண்ணெய், எரிவாயு, சுரங்கம், மின்சாரம் சம்பந்தப்பட்டவை. அணுமின் நிலையங்களை மூடுவோம் என்று ஜெர்மனி முடிவெடுத்தபோது ஒரு சுவீடிஷ் மின்சாரக் கம்பனி 2012இல் வழக்குப் போட்டது. 2021இல் நான்கு மின்சாரக் கம்பனிகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 240 கோடி யூரோ கொடுக்க ஜெர்மனி ஒத்துக்கொண்ட பிறகுதான் அது முடிந்தது.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 2008 ஜூலையில் எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த நேரம், பெற்றோலியக் கூட்டுத்தாபனம் டொச்சே வங்கியோடு ஒரு ஒப்பந்தம் செய்தது. விலை ஏறினால் வங்கி ஓர் எல்லை வரைக்கும் பணம் தரும், விலை இறங்கினால் கூட்டுத்தாபனம் வங்கிக்குக் கட்ட வேண்டும். வருடம் முடியுமுன் விலை மூன்றில் ஒரு பங்குக்கு விழுந்தது. கட்ட வேண்டாம் என்று நம் உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை போட்டது. வங்கி வாஷிங்டனுக்குப் போனது. 2012 அக்டோபரில் ஆறு கோடி டொலரும் வட்டியும் இலங்கை கொடுக்க வேண்டும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு. நம் உயர் நீதிமன்றத்தின் கட்டளையே ஒப்பந்த மீறலின் ஒரு பகுதியாகக் கணக்கெடுக்கப்பட்டது. இந்தப் பணமெல்லாம் கடைசியில் யார் தலையில் வரும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் விலையும் கோதுமை மா விலையும் சொல்லும்.

இந்தியாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒரு அவுஸ்திரேலியக் கம்பனி கோல் இந்தியாவோடு நிலக்கரிச் சுரங்கம் சம்பந்தமாகத் தகராறு பட்டது. இந்திய நீதிமன்றங்களில் வழக்கு ஒன்பது வருடத்துக்கு மேல் இழுபட்டுவிட்டது, இது எங்களுக்கு அநியாயம் என்று நடுவர் மன்றத்துக்குப் போய் 2011இல் வென்றது. ஒன்பது வருடம்! தொழில் நியாய சபையில் வழக்குப் போட்டுவிட்டு அதற்கு மேலும் காத்திருக்கிற அண்ணன்மார் இந்த மண்டபத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். வழக்கு இழுபடுவது அநியாயம் என்று சொல்லி நட்டஈடு வாங்க அவர்களுக்கு ஒரு நடுவர் மன்றம் உண்டா?

அந்த அடிக்குப் பிறகு இந்தியா தன் பழைய முதலீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை முடித்துக்கொண்டது. தென்னாபிரிக்காவும் அப்படிச் செய்தது. எரிசக்திக் கம்பனிகளுக்காகவே எழுதப்பட்ட எரிசக்திச் சாசன ஒப்பந்தத்திலிருந்து வெளியேற 2024இல் ஐரோப்பிய ஒன்றியமே முடிவெடுத்தது. சொர்ணராஜா 2015இல் எழுதிய ஒரு புத்தகத்தின் தலைப்பிலேயே எதிர்ப்பு, மாற்றம் என்ற இரண்டு சொல்லும் இருக்கின்றன. அவர் படிப்பித்த பிள்ளைகள் இன்று பல நாடுகளில் அரசாங்கச் சட்டத்தரணிகளாக இருக்கிறார்கள். சட்டம் தானாக மாறாது, அதைப் படித்தவர்கள் உள்ளே போய் அசைத்தால்தான் அசையும்.

எல்லாவற்றிலும் நான் அவரோடு உடன்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருடைய எழுத்தில் அரசின் இறைமை பெரிய இடம் பிடிக்கிறது. கம்பனிக்கு எதிராக நாட்டின் உரிமை என்கிறார். வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்முடைய அனுபவம் வேறு. 1948இல் நம் பிரஜாவுரிமையைப் பறித்ததும் இறைமையின் பேரால்தான். கொடக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. தன் பிரஜை யார் என்று தீர்மானிப்பது நாட்டின் உரிமை என்று சொல்லி 1953இல் தள்ளுபடி செய்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் நம்மைத் தலை எண்ணிப் பிரித்தார்கள், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. நம்மிடம் யாரும் கேட்கவில்லை. 1975இல் தோட்டங்களை அரசு எடுத்தபோது பிரித்தானியக் கம்பனிகளுக்கு நட்டஈடு உண்டு. அந்தத் தோட்டங்களைக் காடழித்து உண்டாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன? தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் 1977 மேயில் சுடப்பட்டார். மகிழடித்தீவில் எதிர்த்தரப்பில் நின்றது கம்பனி அல்ல, அரசு. அந்த வழக்கில் அரசு வென்றிருந்தாலும் அந்தத் தாய்மாருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. கம்பனிக்கும் அரசுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். சுரங்கத்தாலும் எண்ணெயாலும் பாதிக்கப்பட்ட மக்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. அதை இன்னும் கூட எழுதியிருக்கலாம்.

இப்போது நம் கதைக்கு வருவோம். 1992இல் தோட்டங்களைப் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது குத்தகை 53 வருடம். அந்த ஒப்பந்தத்தை நம்மில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருக்கிறோம்? 2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாய் என்று தீர்மானித்ததும் கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. 2024இல் 1,700 ரூபாய் வர்த்தமானி வந்தது. அதற்கும் போயின, இடைக்காலத் தடையும் கிடைத்தது. நாம் ரோட்டில் டயர் எரித்துக்கொண்டு நின்ற நேரம் அவர்கள் கோப்போடு நின்றார்கள். ரோட்டில் நிற்க வேண்டாம் என்று சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நானும் நின்றவள்தான். ஆனால் பக்கத்தில் கோப்பும் இருக்க வேண்டும். தோட்டத்து ஆற்றை மறித்துச் சிறு நீர்மின் திட்டம் வருகிறது, மலையில் சூரியப் பலகை வரப் போகிறது என்றெல்லாம் இப்போது பேச்சு அடிபடுகிறது. அந்தக் காகிதங்களில் தண்ணீர் யாருக்கு, காணி யாருக்கு, வேலை யாருக்கு என்று எழுதியிருக்கும். கையெழுத்து வைத்த பிறகு அதை வாசித்துப் பிரயோசனம் குறைவு.

உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை போன மாதம் என்னிடம் கேட்டாள்: டீச்சர், சட்டம் படிக்க இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டுமா? சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். கல்லூரியின் பரீட்சைகளையும் ஆங்கிலத்தில் மட்டும் என்று ஆக்கப் பார்த்தார்கள், 2023இல் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. ஆனால் உண்மையையும் அவளிடம் சொன்னேன். நான் இன்று பேசிய தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆங்கிலம் வராமல் அந்த வாசலுக்குள் போவது கஷ்டம். வருடம் மூன்று நான்கு பிள்ளைகளுக்காவது சங்கம் மாலை வகுப்பு வைக்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் நான் பிரேரிக்கிறேன். மதியத்துக்குப் பிறகு அதை விவாதியுங்கள். கட்டடம் வேண்டியதில்லை, பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின் மண்டபம் மாலையில் சும்மாதானே கிடக்கிறது.

கடைசியாக, எழுதிக்கொள்ள வேண்டிய கால எல்லைகள். பேனா இல்லாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். வேலையிலிருந்து நீக்கினால் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார், துரை யோசிக்கிறாராம் என்று ஏழாவது மாதம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அரசாங்க உத்தியோகத்தர் யாரும் அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதம். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் பதுளையிலும் ஆணைக்குழுவுக்குக் கிளை இருக்கிறது. முறைப்பாடு கொடுத்தால் பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் திரும்ப வராதீர்கள்.

சம்பளச் சிட்டை, சேமலாப நிதிக் கணக்கு இலக்கம், வேலைக்குச் சேர்ந்த திகதி எழுதிய காகிதம் ஏதாவது இருந்தால் அது, இந்த மூன்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு இடது பக்கத்து மேசைக்கு வாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரதி எடுத்துத் தருகிறோம். கொண்டுவராதவர்கள் வலது பக்கம். வீட்டில் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று முதலில் ஞாபகப்படுத்துவோம்.